ஒன்பதை அழுத்தவும்

புறநகரில் வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் வருமா என்று கேட்கிறார்கள். வந்த தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஆனந்தவல்லி அடுக்ககத்தின் எட்டு வீடுகளும் இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கும்.

அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கழிவுநீர்த் தொட்டி. அதையும் கட்டிய புண்ணியவான், கேட்டைத் திறந்ததும் காலடியில் வருகிற மாதிரி வாசலிலேயே கட்டிவிட்டுப் போயிருந்தார். மாதம் ஒரு தடவை நிரம்பும். நிரம்பியதை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிக்கும்.

இந்தத் தொட்டியைக் கட்டிக் காக்க ஒரு சங்கம் இருந்தது. செயலாளர் கோதண்டபாணி, முப்பது வருஷம் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பி ஓய்வு பெற்றவர். எழுத்தில் இல்லாத எதையும் செய்ய மாட்டார். எழுத்தில் இருந்தால் எதை வேண்டுமானாலும் செய்வார். சங்கத்தின் மற்ற இரண்டு தூண்கள் மாசிலாமணியும் எத்திராஜும். செயலாளர் குதிக்கச் சொன்னால் கிணற்றில் குதிப்பார்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டாவது மாடியில் இருந்தவர் ஞானப்பிரகாசம். அந்தக் கட்டடத்திலேயே தனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். அந்த மூளையோடு தப்பித்துப் போய்விட வேண்டும் என்று வீட்டை விற்கத் தீர்மானித்திருந்தார்.

"இந்த முட்டாள்களோட இன்னொரு மழைக்காலம் என்னால ஆகாது" என்று மனைவி மனோன்மணியிடம் சொன்னார். "பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டேன். என் நம்பரைப் போட்டா லோன்காரன், பிளாட்காரன் எல்லாம் உயிரை எடுப்பான். அதனால சங்கத்து நம்பரைப் போட்டுட்டேன். எப்படி?"

"அப்ப வீடு வாங்குறவரு எந்த நம்பருக்குக் கூப்பிடுவாரு?"

"அதே நம்பருக்குத்தான்."

"அந்த மூணு பேருகிட்டயா?" என்றாள் மனோன்மணி. ஞானப்பிரகாசம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சங்கத்தின் போன் பழைய பொத்தான் போன். செயலாளர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். கழிவுநீர் லாரி ஓட்டும் செல்லக்கண்ணு, இவர்கள் நம்பர் தேடுகிற அழகைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒன்பதாம் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரே தனக்கு மணி அடிக்கிற மாதிரி பதிந்து கொடுத்திருந்தார்.

விளம்பரம் வந்த நாளிலிருந்து அந்தப் போன் ஓயவில்லை. கோதண்டபாணி ஒவ்வொரு அழைப்பையும் நின்றுகொண்டு எடுத்து, சொன்னதையெல்லாம் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஓர் அம்மாள் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டதற்கு, "பொதுக்குழுவைக் கூட்டிட்டுச் சொல்றேங்க" என்று பதில் சொல்லி, உண்மையிலேயே கூட்டினார். முழு உடல் பரிசோதனைக்கு அழைத்தவரிடம் எட்டு வீட்டாருடைய சர்க்கரை அளவையும் ஒப்பித்தார். இத்தனை கூச்சலுக்கு நடுவே வீடு வாங்க விரும்பிய திருவேங்கடம் என்ற ஒரே ஒரு மனிதரின் அழைப்பும் தப்பித் தவறிப் பதிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மனைவியோடு வருகிறார்.

தொட்டியோ வெள்ளிக்கிழமையே நிரம்பிவிட்டது. சனிக்கிழமை காலை ஞானப்பிரகாசம் கீழே இறங்கி வந்தார்.

"நல்லா எழுதிக்குங்க" என்றார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு லாரிக்காரர் வருவாரு. எட்டு மணிக்கு வர்றவரைத் தொட்டிகிட்ட கூட்டிட்டுப் போய் மூடியத் திறந்து காட்டுங்க. முழுசா எடுத்துட்டுப் போகட்டும். பதினோரு மணிக்கு வர்றவரு வீடு பாக்க வர்றாரு. அவரைத் தொட்டி பக்கமே திரும்ப விடாதீங்க. தொட்டி எங்கேன்னு கேட்டா இங்க தொட்டியே கிடையாதுன்னு சொல்லிடுங்க. மரியாதையா மேல கூட்டிட்டு வந்து சோபாவுல உக்கார வைங்க. ஒரு ஏமாளி மாட்டியிருக்கான்யா, கெடுத்துடாதீங்க."

கோதண்டபாணி, ஏமாளி உட்பட, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். "லாரிக்காரர் இன்னொண்ணும் சொன்னாரு. அவரு வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாதாம்."

"அவரு சொன்னபடியே செய்யுங்க" என்றார் ஞானப்பிரகாசம். அப்போது போன் அடித்தது. கோதண்டபாணி எழுந்து நின்று எடுத்தார். உள்ளேயிருந்து பதிவுசெய்த குரல் ஒன்று கடகடவென்று ஓடியது.

"ஐயா, எல்லாத்துக்கும் எழுந்து நிக்காதீங்க! அது மெஷின் பேசுது. இந்த அழைப்பு வேண்டாம்னா ஒன்பதை அழுத்துங்கன்னு கடைசியில சொல்லும். அழுத்துங்க, விட்டுடும்."

சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். மூளையுள்ளவர்களுக்கு விளக்கிச் சொல்ல நேரம் ஏது.

கோதண்டபாணி ஒன்பதை அழுத்தினார். சத்தம் நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விரலை எடுக்கலாமா?" என்றார் எத்திராஜ்.

"அழுத்தச் சொன்னாங்க. எடுக்கச் சொன்னாங்களா?" என்றார் மாசிலாமணி.

கோதண்டபாணி யோசித்தார். "எடுக்கச் சொல்லி எழுத்துல இல்ல."

"ஆனா ஒன்பதை அழுத்திப் பிடிச்சா செல்லக்கண்ணுக்குல்ல போகும்?"

"அது தொட்டிக்கு அழுத்துற ஒன்பது. இது தொந்தரவுக்கு அழுத்துற ஒன்பது. பிடிக்கிற நோக்கம் வேற" என்று செயலாளர் தீர்ப்பளித்தார். அரை மணிக்கு ஒருவர் என்று முறை போட்டு அழுத்துவதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடியும் அடித்தது. அப்போது மாசிலாமணியின் முறை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதை இன்னும் பலமாக அழுத்தினார். முப்பது நொடி அடித்துவிட்டு மணி தானாக நின்றது.

"நின்னுடுச்சு!" என்று துள்ளினார் எத்திராஜ். "வேலை செய்யுதுங்க!"

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் இதே வைத்தியம்தான். ஓர் அழைப்புகூட அவர்களை ஜெயிக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு ஞானப்பிரகாசம் குளிக்கப் போனார். தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டு நுரை பொங்கத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திருகினார். குழாய் இருமியது. அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்பது அந்த நேரத்தில்தான் கோதண்டபாணிக்கு ஞாபகம் வந்து, மொட்டைமாடி வால்வை மூடியிருந்தார்.

ஞானப்பிரகாசம் குளியலறை ஜன்னல் வழியே கத்துவதற்காக எட்டிப் பார்த்தார். எரிகிற கண்ணோடு பார்த்ததில் கீழே ஒரு கார் நிற்பது தெரிந்தது. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவரும் பட்டுப் புடவையில் ஓர் அம்மாளும் இறங்கினார்கள். மணி சரியாக எட்டு.

"வணக்கம், நான் திருவேங்கடம்" என்றார் பெரியவர். "பதினோரு மணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும், அதனால முன்னாடியே வந்துட்டோம். நேத்திலேருந்து பதினாலு தடவை போன் பண்ணினேன், யாரும் எடுக்கல."

"எப்படி எடுப்போம்? அதையெல்லாம் நிறுத்திட்டோம்ல" என்று மாசிலாமணி பெருமையாகப் போனைக் காட்டினார். விரல் ஒன்பதில் இருந்தது.

எத்திராஜுக்குச் சந்தேகம். செயலாளரின் காதருகே போய், "வேட்டி இவ்வளவு வெள்ளையா இருக்கே?" என்றார்.

"சுத்தம் பண்றவரு சுத்தமாத்தான்யா இருப்பாரு."

"லாரியக் காணோமே? இவரு செல்லக்கண்ணுவும் இல்லையே?"

"பின்னாடி வரும். ஞானப்பிரகாசம் சொன்னதுல பேரே இல்ல, எட்டு மணிக்கு வர்றவருன்னுதான் எழுதியிருக்கு. மணி எட்டு. வந்திருக்காரு. இதுக்கு மேல உனக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

மூடி திறக்கப்பட்டது. மேலே ஜன்னலில் ஞானப்பிரகாசம் "மூடுங்கடா!" என்று அலறினார். வாய்க்குள் சோப்பு போனதால் அது ஏதோ கொப்பளிக்கிற சத்தமாகக் கீழே வந்து சேர்ந்தது. கோதண்டபாணி மேலே பார்த்து, ஆகட்டும் என்று கை அசைத்தார்.

"இதையா முதல்ல காட்டுறீங்க!" என்றார் திருவேங்கடம், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு.

"இதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

"எல்லாத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தோம்."

"முடிவு என்னங்க முடிவு, எட்டு வீட்டுதும் உங்களுக்குத்தான். முழுசா எடுத்துட்டுப் போங்க. நாங்க ஒரு கரண்டிகூட வெச்சுக்க மாட்டோம்."

அந்த அம்மாள் நான்கடி பின்னால் போனார்.

"சீக்கிரம் ஆரம்பிங்க" என்று மினிட் புத்தகத்தைப் பிரித்தார் கோதண்டபாணி. "பதினோரு மணிக்கு வீடு பாக்க ஒருத்தர் வர்றாரு. அவருக்குத் தொட்டி இருக்கிறதே தெரியக் கூடாதாம். ஞானப்பிரகாசம் சொன்னதை அப்படியே படிக்கிறேன், கேளுங்க. 'ஒரு ஏமாளி மாட்டியிருக்கான்யா, கெடுத்துடாதீங்க.'"

திருவேங்கடம் அந்த வரியைத் தன் கண்ணாலும் ஒரு தடவை படித்தார். பிறகு மனைவியோடு காரில் ஏறினார்.

இடுப்பில் துண்டோடும் உடம்பெல்லாம் நுரையோடும் ஞானப்பிரகாசம் படியிறங்கி ஓடி வந்தபோது, தெருமுனையில் புழுதிதான் இருந்தது.

"போனைக் குடுய்யா! அவரைக் கூப்பிடணும்!"

"எட்டரை வரைக்கும் என் முறை" என்றார் மாசிலாமணி. "தீர்மானம் போட்டிருக்கு."

ஞானப்பிரகாசம் பிடுங்கப் பார்த்தார். சோப்புக் கைக்கு மாசிலாமணியின் கட்டைவிரல் அகப்படவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த செயலாளர் அவர் மேல் வந்து விழுந்தார். விரல் மட்டும் ஒன்பதிலிருந்து நகரவே இல்லை. கடைசியில் நுரை காய்ந்து தோல் இழுக்க ஆரம்பித்ததும் ஞானப்பிரகாசம் தோற்று மேலே போனார்.

பதினோரு மணிக்கு லாரி வந்தது. செல்லக்கண்ணு கதவை அறைந்துவிட்டு இறங்கினார்.

"இன்னா சார் வெளையாடுறீங்களா? நேத்திலேருந்து அரை மணிக்கு ஒருக்கா போன்! எடுத்தா ஒரு பேச்சு இல்ல, மூச்சுதான் கேக்குது! வீட்டுக்காரி சந்தேகப்பட்டுப் பெரிய சண்டையாயிடுச்சு. அதான் எட்டு மணிக்கு வர முடியல. எங்க, தொட்டிய தொறங்க."

மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"இங்க தொட்டியே கிடையாதுங்க" என்றார் கோதண்டபாணி.

"அஞ்சு வருஷமா மாசாமாசம் நான்தானே சார் எடுக்கிறேன்?"

"கிடையாதுங்க" என்றார் எத்திராஜ், கண்கலங்க. பொய் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

செல்லக்கண்ணுவை மரியாதையாக இரண்டாவது மாடிக்கு அழைத்துப் போய், ரப்பர் பூட்ஸோடு சோபாவில் உட்கார வைத்தார்கள். மனோன்மணி திருவேங்கடத்துக்குச் செய்த கேசரியைக் கொண்டுவந்து வைத்தாள். யாராவது சாப்பிட்டால் சரி. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகக் காய்ந்துபோயிருந்த ஞானப்பிரகாசம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வீடு பிடிச்சிருக்குங்களா?" என்று கோதண்டபாணி மினிட் புத்தகத்தோடு கேட்டார்.

செல்லக்கண்ணு சுற்றிலும் பார்த்தார். "காத்தோட்டமா கீது. ஆனா சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம் சார். இந்த வீட்டுத் தொட்டி எனக்குத் தெரியும்." கேசரியை முடித்துக் கை கழுவப் போனவர் குழாயில் தண்ணீர் இல்லாததைப் பார்த்துவிட்டு பேண்டில் துடைத்துக்கொண்டார். "உங்க சங்கத்து நம்பரை பிளாக் பண்ணிட்டேன். மூச்சு வுட்டு வெளையாட வேற ஆளைப் பாருங்க."

அவர் லாரி கிளம்பியதும், லாரிக்காரர் வரும்வரைதான் தண்ணீர் கூடாது, இப்போது வந்துவிட்டார் என்று கோதண்டபாணி வால்வைத் திறந்தார். எட்டு வீட்டிலும் திறந்தபடியே கிடந்த குழாய்கள் ஒரே சமயத்தில் கொட்டின. தொட்டி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

அந்த வாரமே சங்கம் இன்னொரு தீர்மானம் போட்டது. மாசிலாமணியின் கட்டைவிரல் வீங்கிவிட்டதால் இனி எல்லா வீட்டாரும் ஒன்பதை அழுத்த முறை வர வேண்டும். வராத வீட்டுக்கு வால்வு மூடப்படும். ஞானப்பிரகாசம் கத்திப் பார்த்தார், கோர்ட்டுக்குப் போவேன் என்றார். இரண்டு நாள் குளிக்காமல் இருந்த பிறகு மூன்றாம் நாள் கீழே வந்து போனை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய முறையில்தான் திருவேங்கடம் கூப்பிட்டார். நடுவில் அவர் ஆறு வீடு பார்த்திருந்தார். ஆறிலும் பன்னீர் தெளித்து, பூந்தொட்டியை வைத்து மறைத்து, தேனாகப் பேசினார்கள். கடைசியில் மனைவியிடம் சொல்லிவிட்டார். "மூடியத் திறந்து காட்டி, ஏமாளின்னு மூஞ்சிக்கு நேரா படிச்சுச் சொன்னது அந்த ஒரு இடத்துலதான். அப்படிப்பட்ட ஜனங்களோடதான் வாழணும். அந்த வீட்டையே பேசி முடிச்சிடுவோம்."

போன் அடித்தது. ஞானப்பிரகாசம் திடுக்கிட்டார். யார் என்று பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பார்க்கப் போனைத் திருப்ப வேண்டும், திருப்பினால் விரல் நழுவும், நழுவினால் நாளைக்கும் குளியல் கிடையாது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பதை அழுத்தினார்.

மணி நின்றது.

ஞானப்பிரகாசத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அட, நிஜமாவே நிக்குதே!" என்றார்.

மினிட் புத்தகத்தை ஒரு கையால் இழுத்து எழுதினார். 'மாலை நாலு இருபது. ஓர் அழைப்பு. வெற்றிகரமாக நிறுத்தப்பட்டது. ஒப்பம், ஞானப்பிரகாசம்.' அதற்குக் கீழே அன்று ஏழு மணிக்குள் இன்னும் பதினோரு வரிகள் எழுத வேண்டியிருந்தது. வாங்குகிறவர் அவ்வளவு ஆசையாக இருந்தார்.