எல்லா டம்ளரிலிருந்தும் ஒரு கரண்டி

சிஷ்யருக்கு வயது ஐம்பத்து நான்கு, குருவுக்கு முப்பத்தெட்டு. தப்பாக ஒன்றும் எழுதவில்லை, அப்படித்தான்.

சிப்காட்டின் கடைசித் தெருவில், குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து தயாரிக்கும் தொழிற்சாலை. அங்கே பாட்டில் நிரப்பும் பிரிவிலிருந்த தணிகாசலம், மூலப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குப் புதிதாக மாறி வந்திருந்தார். ஆய்வகத்தின் தலைவி மேகலை. அவர் அவளை "மேடம்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

அன்று காலை தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கிடங்கு வாசலில், மருந்துக்கு இனிப்பும் கெட்டியும் தரும் கிளிசரின் டிரம்கள் இறங்கியிருந்தன. கொண்டுவந்த லாரி டிரைவர் பீர் முகமது, சரக்கு தேறியது என்று சொன்னால் கிளம்பிவிடலாம் என்று நின்றார். ஊரெங்கும் காய்ச்சல். ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்துபோயிருந்தது.

"மேடம், ஒரு யோசனை!"

"சொல்லுங்கண்ணே."

"ஒவ்வொரு டிரம்மா ஏன் சோதிக்கணும்? எல்லாத்துலருந்தும் கொஞ்சங் கொஞ்சம் எடுத்து ஒண்ணாக் கலந்துட்டா ஒரே சோதனை! எந்த டிரம்மையும் விட்டதாவும் ஆகாது. மத்தியானமே மருந்து காய்ச்ச ஆரம்பிச்சிடலாம். எத்தனை புள்ளைங்க அனலாக் கொதிச்சுக் கிடக்குது! என் பேத்தி இருக்காளே, நம்ம ஆரஞ்சு மருந்துன்னாத்தான் வாயையே தொறப்பா."

மேகலை கேன்டீனுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் டீ சொன்னாள். டீ டம்ளர்கள் இருந்த தட்டைத் தானே போய் வாங்கிக்கொண்டு, கிடங்கு வாசலுக்கு வந்தாள்.

"இது குடிக்கத் தேறுமான்னு உங்க முறையிலயே பாத்துச் சொல்லுங்கண்ணே."

கேட்க வேண்டுமா! தணிகாசலம் ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துக் காலி டம்ளரில் ஊற்றினார். குடித்துச் சப்புக்கொட்டினார்.

"பிரமாதம்! எல்லாரும் குடிக்கலாம்!"

எல்லாரும் எடுத்தார்கள். பீர் முகமது முதல் வாயையே துப்பினார்.

"எவன்யா டீ போட்டது? உப்பை அள்ளிக் கொட்டியிருக்கான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றுபோனார்.

"நான் குடிச்சேனே மேடம். எனக்குத் தெரியலையே."

"ஒரே ஒரு டம்ளர்லதான் நான் உப்புப் போட்டேன், மத்ததோட கலந்ததுல உங்களுக்குத் தெரியலை. அவருக்கு உப்புங்கிறதால தெரிஞ்சுது, துப்பிட்டார். கிளிசரின்ல கலந்து வர்ற விஷம் துப்ப விடாதுண்ணே. அதுவும் இனிக்கும். அதுவும் பாக்கத் தெளிவா, கெட்டியா இருக்கும். குழந்தைக்கு ஒண்ணுக்கு நின்னு போறப்பதான் தெரியும், கிட்னி போயிடுச்சுன்னு."

"அப்ப என் கலவை?"

"அதையும் சோதனைக்கு வைங்க. ஒவ்வொரு டிரம்மையும் தனியா வைங்க."

வெள்ளைப் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டின் கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒரு திரவத்தில் நிறுத்த வேண்டும். திரவம் மேலே ஏறும்போது சொட்டில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் உயரத்தில் தங்கும். விஷம் எந்த உயரத்தில் தங்கும் என்று தெரிய, ஓரத்தில் விஷத்தின் சொட்டு ஒன்றும் வைப்பார்கள். தணிகாசலம் தகடு மேல் தகடாக வைத்துக்கொண்டே போனார். வெளியே பீர் முகமது ஹாரன் அடித்தார். மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார். ஆனாலும் ஒரு சொட்டுகூட இடம் மாறி விழவில்லை.

தகடுகளைக் காயவைத்து, சாயம் தெளித்து, சூடுகாட்டினார். அடுத்த நிமிடம் ஆய்வகமே அதிரக் கத்தினார்.

"மேடம்! சிக்கிருச்சு! ஓடி வாங்க, சிக்கிருச்சு!"

மேகலை ஓடித்தான் வந்தாள். கடைசித் தகட்டில் ஒரே ஒரு டிரம்மின் தடத்தில், விஷம் தங்கும் அதே உயரத்தில், கருப்பாக ஒரு புள்ளி. பக்கத்திலேயே தணிகாசலத்தின் கலவை வைத்த தடம் இருந்தது. அதில் அந்த உயரத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

"என் கலவையை மட்டும் பாத்திருந்தா..." என்றபடியே கிடங்குக்கு ஓடி அந்த டிரம்மில் சிவப்புச் சீட்டைத் தன் கையாலேயே ஒட்டினார். மேகலை மொத்தச் சரக்கையும் நிறுத்திவைத்தாள். பீர் முகமது சிவப்புச் சீட்டைப் பார்த்தார், அப்புறம் ஹாரன் அடிக்கவில்லை.

மாலையில் மேனேஜர் வேறு கம்பெனியில் அவசரமாகக் கிளிசரின் வாங்கி அனுப்பினார். புது டிரம்கள் வரிசையாக இறங்கின. தணிகாசலத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் முகத்தில் சந்தோஷம் குறையவில்லை.

"மேடம், காலையில அத்தனை டிரம்ல ஒண்ணே ஒண்ணுதான் கெட்டது. இதுலயும் ஒண்ணு விடாமப் பாக்கணுமா?"

மேகலை புதுத் தகடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேத்திக்குக் காய்ச்சல்னா நம்ம மருந்து எத்தனை பாட்டில் எடுத்துட்டுப் போவீங்கண்ணே?"

"ஒண்ணு... அது எந்த டிரம்ல காய்ச்சினதோ!" என்றார் தணிகாசலம்.

கையை நீட்டித் தகடுகளை வாங்கிக்கொண்டார்.