பத்தாம் கட்டத்தில் ஒரு படகோட்டி

தட்டாம்பொட்டல்காரர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்ட அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதுதான் காரணம்.

அந்த ஊரில் தவசிலிங்கம் என்று ஒரு படகோட்டி இருந்தார். அரசாங்கப் படகோட்டி. ஊர்க் குளத்தில் படகு விடுவோம், பூங்கா அமைப்போம் என்று தேர்தலில் நின்றவர்கள் வாக்குறுதி கொடுத்தார்கள். ஜெயித்தும் விட்டார்கள். ஜெயித்த கையோடு தவசிலிங்கத்துக்கு வேலைக்கான உத்தரவும் இரண்டு துடுப்பும் வந்து சேர்ந்தன. படகு வரவில்லை. குளத்தில் தண்ணீரும் வரவில்லை. அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? மூன்று வருஷமாகக் காலை ஒன்பது மணிக்குத் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வறண்ட குளத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டு, ஐந்து மணிக்கு வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளத்துக்கு விடுமுறை.

ராத்திரி சோறு போடும்போது அவர் மனைவி செவ்வந்தி கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை பேரை ஏத்துனீய?"

"யாரும் வரல."

"வந்திருந்தா எதுல ஏத்திருப்பீய?"

தவசிலிங்கம் சோற்றில் குழி பறிப்பார். ரசத்தை ஊற்றிக்கொள்வார். ஆனால் அந்தக் கேள்வி அவரைக் குத்தாமல் இல்லை. சாவதற்குள் ஒரே ஒரு ஆளையாவது படகில் ஏற்றிவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்தது.

இப்படி இருக்கையில் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரின் சுற்றுலா மேம்பாட்டுக் குழு உடனே கூடியது. குழுவில் நாலு பேர். தலைவர் மாசானம், ரைஸ்மில் வைத்திருப்பவர். வார்டு மெம்பர் ஆவுடைத்தாய், அவர் பேசினால் அடுத்த தெருவில் குழந்தை முழித்துக்கொள்ளும். செயலாளர் பூதத்தான், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் செயலாளர். நாலாவது ஆள் நம் தவசிலிங்கம்.

பூதத்தான் கடிதத்தை வாசித்தார். "பணிகளைப் போர்க்கால அடிப்படையில் தொடங்க வேண்டும். பத்துக் கட்டங்களாக நிறைவேற்ற வேண்டும். சுற்றுலாப் பயணிகளைக் கவர்ந்திழுக்க வேண்டும். காண்போர் மூக்கில் விரல் வைக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு வழி செய்ய வேண்டும். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் படகு கீழவாணேரிக்குப் போய்விடும்."

கீழவாணேரி பக்கத்து ஊர். தவசிலிங்கம் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல போரு," என்றார் மாசானம். "போருக்கு எதிரி வேணுமே. எதிரிக்கு எங்க போறது?"

"கீழவாணேரிக்காரன் இருக்கான்லா?" என்றார் ஆவுடைத்தாய்.

"அவன் நமக்கு ஒண்ணும் பண்ணலியே மதினி."

"நாம போயி கேட்டா பண்ணுவான். நல்ல மனுசங்கதான்."

வருகிற செவ்வாய்க்கிழமை உங்களோடு போர் வைத்திருக்கிறோம், தவறாமல் வந்து சிறப்பிக்க வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். கீழவாணேரியில் அன்றைக்கு நடவு. எல்லாரும் வர முடியாது, ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. வந்தவர் பெயர் சடையாண்டி. கம்போடு வந்து குளத்தங்கரையில் நின்றார். இவர்களும் கம்போடு நின்றார்கள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு மோர் குடித்தார்கள். போர்க்காலம் நடந்துகொண்டிருப்பதால் மாசானம் வேலையைத் தொடங்கிவைத்தார்.

வேலை என்பது கட்டம் போடுவது. சுண்ணாம்புத் தூளால் குளத்துக்குள் வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டார்கள். கோடு கோணிப் போவதைப் பொறுக்க முடியாமல் எதிரியும் வந்து கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

கட்டம் தயார். அடுத்த சிக்கல், வேலையைக் கட்டத்துக்குள் கொண்டுவருவது.

"வேலை எங்க இருக்கு?" என்று கேட்டார் மாசானம்.

பூதத்தான் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார். "இந்த ஊர்ல அரசாங்க வேலை தவசி ஒருத்தர்கிட்டதான இருக்கு? அப்ப தவசி எந்தக் கட்டத்துல நிக்காரோ, அந்தக் கட்டத்துலதான் வேலை இருக்கு."

இதை மறுத்துப் பேச யாராலும் முடியவில்லை. எதிரியாலும் முடியவில்லை. தவசிலிங்கம் துடுப்போடு முதல் கட்டத்தில் ஏறி நின்றார். மறுநாள் இரண்டாம் கட்டம். அதற்கடுத்த நாள் மூன்றாம் கட்டம். மத்தியானச் சோறு கொண்டுவந்த செவ்வந்தி, கட்டத்துக்கு வெளியே நின்று தூக்குவாளியை நீட்டினாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"மூணு வருசமா வேலைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு சொன்னீய. இன்னிக்குத்தான் நீங்க முன்னேறுறதைக் கண்ணால பாக்கேன்."

போர்க்காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லாமல் ஏழாம் நாள் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் எட்டாம் கட்டத்தில் ஓர் எருமை படுத்திருந்தது. எழுப்பிப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. ஆவுடைத்தாய் சத்தம் போட்டுப் பார்த்தார். எருமை ஒரு காதை மட்டும் அசைத்தது. தாண்டிப் போய் ஒன்பதில் நிற்கலாமா என்று தவசிலிங்கம் கேட்டார். ஒரு கட்டத்தை விட்டுவிட்டுப் போனால் அது முறைகேடு என்று மாசானம் சொல்லிவிட்டார். வேலை ஏழாம் கட்டத்திலேயே நின்றது.

அன்றைக்குத்தான் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். சிவகாசியிலிருந்து ஒருவர் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகளோடு காரில் திருச்செந்தூர் போய்க்கொண்டிருந்தார். தட்டாம்பொட்டலுக்குப் பாதை பிரியும் விலக்கில் கார் நின்றுவிட்டது. மனிதர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பக்கம் யாரோ வடக்கயிறு கட்டுவதைக் கண்டார்.

"உங்களைக் கவர்ந்தாச்சு," என்றார் மாசானம் பணிவாக. "இனி இழுக்கணும். உள்ள உக்காருங்க."

பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மெக்கானிக் கடைக்கு இழுத்துப் போகிறார்கள் என்று சிவகாசிக்காரர் நினைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி உதவுற ஜனங்களா!" என்று மனைவியிடம் சொல்லி நெகிழ்ந்தும் போனார். கார் கரையேறி, கரையிறங்கி, குளத்தின் நடுவில் போய் நின்றதும் நெகிழ்ச்சி கொஞ்சம் குறைந்தது. அந்த இடத்தில்தான் ஊர்க்காரர்கள் கருவாடு காயப்போடுவது வழக்கம். கதவைத் திறந்து இறங்கிய நாலு பேரும் ஒரே நேரத்தில் மூக்கில் விரலை வைத்தார்கள்.

பூதத்தான் பரவசத்தோடு எண்ணினார். "நாலு மூக்கு, அண்ணாச்சி! ஒருத்தர் பாக்கியில்ல!"

"இங்க என்னங்க இருக்கு பாக்கிறதுக்கு?" என்று மூக்கைப் பிடித்தபடியே கேட்டார் அந்த அம்மாள்.

ஏழாம் கட்டத்திலிருந்து தவசிலிங்கம் கூச்சத்தோடு துடுப்பை உயர்த்திக் காட்டினார். "நான்தாம்மா."

காரைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் பெண்பிள்ளைகள் இரண்டும் மிச்சக் கட்டங்களில் நொண்டியடித்துப் பாண்டி விளையாட ஆரம்பித்துவிட்டன. எருமைக்கு வந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு ஓடின. கார் தயாரான பிறகும் வரமாட்டோம் என்று அழுதன. பூதத்தான் மேற்கே பார்த்துக்கொண்டே நின்று, சூரியன் மறைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் அறிக்கை போனது.

"போர் நல்லபடியாக நடந்தது. பயணிகள் நாலு பேரைக் கவர்ந்து இழுத்தோம். காண்போர் அனைவரும் மூக்கில் விரல் வைத்தனர். மாலை ஆறு பதினெட்டுக்குப் பொழுது போனது. வேலை ஏழாம் கட்டத்தில் இருக்கிறது. குறுக்கே ஓர் எருமை இருப்பதால் மேற்கொண்டு போக முடியவில்லை."

மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களுக்கு அந்தக் கடிதம் போயிருந்தது. கேட்ட கேள்வி அத்தனைக்கும் பதில் எழுதியது இந்த ஊர் ஒன்றுதான். அலுவலர் மேகலா அம்மையார் அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். எருமை என்று யாரைச் சொல்கிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு மாதமாகப் படகுக் கோப்பில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்த மேலதிகாரியிடம் அந்த வரியைக் காட்டினார். அவர் முகம் சிவக்கக் கையெழுத்துப் போட்டார். தட்டாம்பொட்டலில் எருமையும் தானாக எழுந்து போனது. தவசிலிங்கம் பத்தாம் கட்டத்தில் கால் வைத்த அன்று சாயங்காலம், லாரியில் படகு வந்து இறங்கியது.

வாத்து முகம் வைத்த மஞ்சள் படகு. நாலு பேர் உட்காரலாம். தவசிலிங்கம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். வாத்தின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். படகின் மேல் லாரிக்காரர்கள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். எல்லாச் சரக்கிலும் அவர்கள் ஒட்டுகிற சீட்டுதான். பூதத்தான் அதை உரக்க வாசித்தார்.

"தண்ணீர் படாமல் பாதுகாக்கவும்."

"நல்லவேளை," என்றார் மாசானம். "நம்ம குளத்துல அந்தப் பயமே இல்ல."

சொன்ன வாய் மூடவில்லை, ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. பத்து வருஷமாகக் காய்ந்து கிடந்த குளம் நிரம்பித் ததும்பியது. மேகம் கறுத்தபோதே பதறியடித்துக்கொண்டு ஓடிய குழு, முதல் சொட்டு விழுவதற்குள் படகைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமுதாயக்கூடத்தில் வைத்துப் பூட்டியது. தவசிலிங்கம் இரவெல்லாம் பக்கத்தில் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கூரை ஒழுகவில்லை. இருந்தாலும் பிடித்தார்.

நாலாம் நாள் வெயில் அடித்தது. படகுச் சவாரியைத் தொடங்கிவைக்க மேகலா அம்மையார் ஜீப்பில் வந்தார். பாதை முங்கிப்போனதால் எதிர்க்கரையோடு நிற்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து கையைக் குவித்துக் கத்தினார்.

"படகு எங்கேப்பா?"

"பத்திரமா இருக்கும்மா!" என்று ஆவுடைத்தாய் திருப்பிக் கத்தினார். அது ஜீப்பின் கண்ணாடியை அதிரவைத்தது. "ஒரு சொட்டுப் படல!"

"அதை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க!"

குழு கூடியது. எடுத்துக்கொண்டு வரச்சொல்வது மாவட்ட அலுவலர். நனையக்கூடாது என்பது சீட்டு. இரண்டுமே உத்தரவு.

"இன்னொரு படகு இருந்தா அதுல இந்தப் படகை ஏத்திக் கொண்டுபோயிரலாம்," என்றார் பூதத்தான். "கேட்டு எழுதட்டுமா?"

"அதுக்கு மூணு வருசம் ஆகும்யா," என்றார் தவசிலிங்கம். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அந்தம்மா போயிட்டா படகும் போயிரும். தூக்குங்க! எடுத்துக்கிட்டுத்தான வரச் சொன்னாவ? தலைக்கு மேல தூக்குங்க!"

தூக்கினார்கள். காரை இழுத்த அதே பன்னிரண்டு பேர், ஆவுடைத்தாய் முன்னால், மாசானமும் பூதத்தானும் பின்னால். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. நடுக்குளத்தில் கழுத்தைத் தொட்டது. படகு மட்டும் கைகளின் மேல், தண்ணீருக்கு ஒரு முழம் உயரத்தில், ஈரமில்லாமல் மிதந்து போனது. படகு போகும்போது படகோட்டி உள்ளே இருக்க வேண்டும் என்பதால் தவசிலிங்கம் உள்ளே இருந்தார். வெறும் காற்றில் இரண்டு துடுப்பையும் மாற்றி மாற்றி வலித்தார். வேகம் குறைந்தபோதெல்லாம் அழுத்தி வலித்தார். கரையில் நின்ற செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்க்கரை வந்தது. மேகலா அம்மையார் படகைப் பார்த்தார். படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வரிசையாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தார். தன்னையறியாமல் மூக்கில் விரல் வைத்தார்.

தவசிலிங்கம் எழுந்து நின்று கும்பிட்டார். அவருடைய முதல் சவாரி. முகமெல்லாம் பூரிப்பு.

"வாங்கம்மா. ஏறுறதுக்கு முன்னாடி செருப்பை மட்டும் கழத்திருங்க. ஈரத்தரையில நின்னிருக்கீய, படகு ஈரமாயிரும்."