ராஜா உட்காராத சபை

முன்னொரு காலத்தில் மருதையம்பதி நாட்டைச் சிங்கராயன் என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவர் நின்றால் சபையில் ஒருவரும் உட்காரக் கூடாது. அந்தச் சித்திரை மாதம் திடீரென்று ராஜா நின்றபடியே வழக்கு விசாரிக்க ஆரம்பித்தார். பாவம், கிழட்டுப் புலவர்களெல்லாம் தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள்.

மந்திரி சடகோபர் மெல்ல அருகே போனார். "மகாராஜா, கட்டியா?"

"உஷ்! உட்காரும் இடத்தில் வந்து தொலைத்திருக்கிறது. சிவந்து வீங்கி, தொட்டால் நெருப்பாய்ச் சுடுகிறது."

"காய்ச்சல், குளிர் நடுக்கம் உண்டா?"

"அதெல்லாம் இல்லை."

"இருந்தால் இப்போதே வைத்தியரை அழைத்திருப்பேன். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுப்போம். பழுத்துத் தானே உடையும். கையை மட்டும் வைக்காதீர்கள்."

ஒட்டுக்கேட்ட தளவாய் விருபாட்சருக்கு வயிறு எரிந்தது. மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஒத்தடமா? பச்சைப்பிள்ளை வைத்தியம்! என் கட்டைவிரலால் ஓர் அழுத்து, இந்த நிமிஷமே சிம்மாசனத்தில் அமரலாம், மகாராஜா!"

அவசரக்கார ராஜா குதூகலித்தார். "அழுத்தும்! குணமானால் மந்திரி பதவி உமக்கே!"

சடகோபருக்குப் பகீரென்றது. பதவி போனால் போகட்டும், பிதுக்கினால் விஷம் உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து ராஜாவின் உயிருக்கே உலை வைக்குமே! அந்த முரட்டு மனுஷர்மேல் அவருக்கு அத்தனை பிரியம்.

"நல்ல யோசனை," என்றார். "ராஜா உண்ணும் சோற்றை முதலில் வேறொருவர் ருசிபார்ப்பதுதானே நம் வழக்கம்? வைத்தியத்துக்கும் அதுவே முறை. இந்த வெயிலில் தளவாய் கழுத்தைச் சுற்றியிருக்கும் பட்டுத்துணியை அவிழ்க்கட்டும்."

அவிழ்த்தார்கள். பிடரியில் மஞ்சள் முனையோடு ஒரு கட்டி!

"அதை முதலில் பிதுக்கிக் காட்டும்," என்றார் ராஜா.

விருபாட்சர் விரலைக் கொண்டுபோனார். தொட்டதுதான் தாமதம், "ஐயோ அம்மா! ஒத்தடமே போதும் மகாராஜா!" என்று அலறினார். சபை கொல்லென்று சிரித்தது.

"இருவருக்கும் எப்படி ஐயா வந்தது?" என்று கேட்டார் ராஜா.

"ராஜா துவட்டிய துண்டில் துவட்டும் பெருமை தனக்கு மட்டும்தான் என்று தளவாய் மார்தட்டினாரே! தினமும் ஆற்றங்கரையில் இருவருக்கும் ஒரே துண்டு. கட்டி அது வழியாகவும் தொற்றும்."

அன்று முதல் இருவரும் குப்புறப் படுத்தார்கள். சடகோபர் கைகழுவி இருவருக்கும் ஒத்தடம் கொடுத்தார். தளவாய்க்கு வெட்கத்தில் முகம் தலையணையை விட்டு எழவில்லை. கட்டிகள் தாமாகவே உடைந்தன. சீழைத் துடைத்துச் சுத்தத் துணியால் கட்டினார். புண் ஆறும்வரை ஆளுக்கொரு துண்டுதான், அதுவும் கொதிநீரில் துவைத்தது.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"முதலில் உட்காருங்கள், மகாராஜா."

ராஜா பயந்து பயந்து சிம்மாசனத்தில் அமர்ந்தார். வலிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. சபை முழுவதும் "அப்பாடா" என்று உட்கார்ந்தது. சடகோபரும் தம் ஆசனத்தை நோக்கித் திரும்பினார்.

"நீர் எங்கே போகிறீர்?" ராஜா அவர் கையைப் பிடித்து இழுத்துச் சற்றே நகர்ந்துகொண்டார். "இரண்டு பேரைத் தாங்கும், உட்காரும்."