அல்லி செருப்பு மாட்டிய முகூர்த்தம்

கோணப்பட்டி அண்ணன் தம்பிகள் மூவருக்கும் மூளை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருந்தது. புதுசு கெடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கடைக்குட்டி குமரப்பனுக்கு நாற்பத்தொரு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். வீட்டுப் பெண்கள் முன்னாலேயே மண்டபம் போய்விட்டதால் புத்தி சொல்ல ஆள் இல்லை. மூத்தவர் சிங்காரத்தின் மூன்று வயது மகள் அல்லி, தாலிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "நானே கொண்டு வருவேன்" என்றாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு மாட்டத் தொடங்கினாள். அதுவும் "நானே!"

அங்கேதான் வந்தது வினை. மாண்டிசோரி பள்ளி டீச்சர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "வீட்டிலயும் பிள்ளை தானா ஒரு வேலை செஞ்சா நடுவுல கை வைக்காதீங்க. முடிக்கிறவரைக்கும் பொறுங்க."

பொறுத்தார்கள். அல்லி இடதை வலதில் மாட்டினாள், கழற்றினாள், மறுபடி இடதை வலதிலேயே மாட்டினாள். மணி ஒன்பது. குமரப்பன் கடிகாரத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பெண்ணும் கைநழுவினால் இனி நேரே அறுபதாம் கல்யாணம்தான்!

"அண்ணே, தூக்கிட்டுப் போயிருவமா?"

"டீச்சர் என்ன சொன்னாங்க? பிள்ளை மேல கை படக் கூடாது" என்றார் சிங்காரம்.

நடுவில் பிறந்த வைரவன் மோவாயைத் தடவினார். "பிள்ளையைத்தானே தொடக் கூடாது? பெஞ்சைத் தொடலாமே!"

அடேயப்பா, என்ன அறிவு! பெஞ்சை அல்லியோடு தூக்கினார்கள். அது வாசலில் இடித்தது. சாய்த்தால் பிள்ளையின் கவனம் கலையுமே! கடப்பாரை எடுத்துச் சுவரை இடித்தார்கள், சத்தம் வராமல் மெதுவாக. வெளியே நின்ற வேன் டிரைவர் கடப்பாரையைக் கண்டதும் வண்டியோடு ஓடிவிட்டார்.

பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை முன்னால், அண்ணன்கள் பின்னால், நடுவில் பெஞ்சு. "கல்யாண வீடு, எதுக்காவது உதவும்" என்று வைரவன் கடப்பாரையையும் பெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பத்தேகாலுக்கு மண்டப வாசலில் இறக்கியதும், "மாட்டிட்டேன்!" என்று அல்லி எழுந்தாள். குமரப்பனுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "வாங்க மாப்பிள்ளை, கால் மணி நேரந்தான் இருக்கு! பாப்பா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

"நானே!" அல்லி திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாலியும்தான்.

குமரப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தார். "மாமா, பொண்ணு மேடையில உக்காந்தாச்சா?"

"அப்பவே உக்காந்தாச்சு!"

"நல்லதாப் போச்சு. அவங்க மேல கை வைக்காம, மேடையோட இங்க தூக்கிட்டு வந்துருங்க."

"மேடை எப்படி மாப்பிள்ளை வாசல்ல நுழையும்?"

வைரவன் அதற்குள் மண்டபச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை நாங்க பாத்துக்கிறோம் மாமா. மெதுவாத்தான் இடிப்போம். பொண்ணோட கவனம் கலையாது."