மருதமரத்துக் குழி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடை முற்றிவிட்டதால் அந்தக் காட்டில் வேறெங்கும் தண்ணீர் இல்லை. காட்டெருமைகளும் அங்கேதான் வர வேண்டும். புலியும் அங்கேதான் வர வேண்டும்.

அதனால் எருமைகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. தாய்களும் கன்றுகளும் தண்ணீர் குடிக்கும்போது கடாக்கள் குளத்துக்கு முதுகைக் காட்டி, நாணல் புதரைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். கடைசிக் கன்று குடித்து முடிக்கும்வரை ஒரு கடாவும் தலையைத் திருப்பக் கூடாது.

வரிசையின் நடுவில் நிற்பவன் செங்கண்ணன். மந்தையிலேயே பெரிய சண்டைக்காரன். மோதிய கடா எல்லாவற்றையும் மண்ணில் சாய்த்தவன்.

ஆனால் பாவம், அவனால் ஜெயிக்க முடியாத ஒருவன் இருந்தான். அவன் பெயர் கருமலை. செங்கண்ணன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அவன் செத்துப்போய்விட்டான். கரையில் நின்ற மருதமரத்தில் ஆழமான ஒரு குழி இருந்தது. அது கருமலை முட்டிய குழி என்று எல்லாரும் சொல்வார்கள்.

அன்றும் வரிசையில் நின்றபடியே இரண்டு கடாக்கள் தொடங்கிவிட்டன.

“கருமலையும் நம்ம செங்கண்ணனும் மோதினா யாரு ஜெயிப்பா?” என்றான் மூக்கன். “கருமலைதான்! ஒரே முட்டு!”

“போடா!” என்றான் குட்டைவாலன். “அந்தக் காலத்துல எல்லாம் நோஞ்சான் கடாவா இருந்திருக்கும். செங்கண்ணன் முன்னால அவன் நிக்கவே மாட்டான்!”

“அந்தக் குழியைப் பார்த்துட்டுப் பேசு!”

இரண்டு பேருமே கருமலையைக் கண்ணால் கண்டதில்லை. இந்த மாதிரி வாதத்தில் பார்க்காதவர்களுக்குத்தான் தொண்டை பெரிது.

 செங்கண்ணனின் காது இரண்டும் அவர்கள் பக்கமே இருந்தன. இதை நாணலுக்குள்ளிருந்து ஒரு நரி பார்த்துவிட்டது. நரிக்குப் பக்கத்தில் பசியோடு புலி படுத்திருந்தது.

“வரிசை உடையவே மாட்டேங்குதே!” என்று புலி உறுமியது.

“உடைச்சுத் தரேன். எனக்கு ஒரு தொடை போதும்” என்றது நரி. “கருமலை முட்டினப்போ அந்த மருதமரம் இளசு. பட்டை பச்சையா இருந்துச்சு. காயத்தைச் சுத்தி மரம் பருத்துக்கிட்டே வந்ததால குழி இப்போ ஆழமாத் தெரியுது. இன்னிக்கு அந்த மரம் இரும்பு. அதுல கொம்பு போனா திரும்பி வராது!”

புலி மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

நரி ஒன்றும் தெரியாததுபோல் வெளியே வந்து, எட்ட நின்று கும்பிட்டது.

“அண்ணே, எதுக்கு இந்தச் சண்டை? செத்தவன் வரப்போறதில்லை. ஆனா மரம் இங்கேதானே நிக்குது! செங்கண்ணன் அண்ணன் ஒரு முட்டு முட்டட்டும். எந்தக் குழி ஆழம்னு பார்த்துடலாம். அண்ணனுக்குப் பயமா இருந்தா வேண்டாம்!”

“பயமா? எனக்கா?” செங்கண்ணன் முதன்முறையாகத் தலையைத் திருப்பினான்.

குளத்தில் இருந்த தாய் எருமை சுட்டி பதறிப்போனாள். அவளுடைய கன்று சின்னது. அப்போதுதான் தண்ணீரில் வாய் வைத்திருந்தது.

“யாரும் அசையாதீங்க! எம்புள்ள இன்னும் குடிக்கலை!” என்று கத்தினாள்.

“ஒரே முட்டுதான் தங்கச்சி. ஒரு நொடி!” என்று சொல்லிவிட்டுச் செங்கண்ணன் நடந்தான். வேடிக்கை பார்க்க மூக்கனும் குட்டைவாலனும் பின்னாலேயே போனார்கள். மற்றக் கடாக்களும் மரத்தைப் பார்த்துத் திரும்பின. நாணலைப் பார்க்க ஒருவரும் இல்லை.

செங்கண்ணன் பின்வாங்கினான். குனிந்தான். பாய்ந்தான்.

மரம் அதிர்ந்தது. இலைகள் கொட்டின. அவனுடைய வலது கொம்பு பழைய குழிக்குள் இறங்கி, அங்கேயே இறுகிப்போனது. இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். அசையவில்லை.

“கருமலைகிட்ட தோத்துட்டான், பாத்தியா!” என்று மூக்கன் துள்ளினான்.

அவன் வாய் மூடுவதற்குள் நாணல் பிளந்தது. புலி!

கன்றின் பின்னங்காலில் நகம் பதிந்தது. “அம்மா!” என்று அலறிக்கொண்டு கன்று சேற்றில் விழுந்தது. சுட்டி குறுக்கே பாய்ந்து நின்றாள். அவள் விலகவில்லை.

“கருமலையையா கூப்பிட? யாராவது வாங்கடா!”

வாதாடிய இருவரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. செங்கண்ணனுக்கு மரப்பட்டை மட்டும்தான் தெரிந்தது. கன்றின் அலறல் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அதை அவனால் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழு பலத்தோடு கழுத்தைத் திருகினான்.

கொம்பு முறிந்தது.

முகமெல்லாம் ரத்தம் வழிய, ஒற்றைக் கொம்போடு அவன் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்துப் புலி ஒரு கணம் திகைத்தது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. வெட்கமும் பயமும் தள்ள, மூக்கனும் குட்டைவாலனும் தோளோடு தோள் உரசி அவன் இரு பக்கமும் வந்து நின்றார்கள். மற்றக் கடாக்களும் ஓடி வந்தன. வரிசை மறுபடி மூடிக்கொண்டது.

புலி பின்வாங்கியது. போகிற போக்கில், கன்று கிடைக்காத கோபத்தை நரியின் முதுகில் காட்டிவிட்டுப் போனது.

கன்று பிழைத்தது. ஆனால் அன்று முதல் அது நொண்டித்தான் நடந்தது.

வெயில் சாயும்வரை கடாக்கள் வரிசையை விட்டு அசையவில்லை. பிறகு மூக்கனால் வாயை அடக்க முடியவில்லை. மெல்லக் கேட்டான்: “அண்ணே, கருமலையா இருந்தா இன்னிக்கு என்ன பண்ணியிருப்பான்?”

செங்கண்ணன் நாணலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்குத் தெரியாதுப்பா. அவன் காலத்துப் புலியை அவன் பார்த்துக்கிட்டான். நம்ம புலி அந்தப் புதர்லதான் இருக்கு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பு. புள்ள இன்னும் தண்ணி குடிக்கலை.”

மாண்டுபோன வீரனை ஜெயிக்கக் கிளம்புகிறவன், உயிரோடு எதிரே நிற்கும் பகைவனுக்கு முதுகைக் காட்டுகிறான்.