எட்டு எண்ணுக்குக் கறுப்புப் பெயின்ட்

உலகத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சங்கம் வைத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்து, மாதம் இரண்டு கூட்டம் போட்டு, முறைப்படி தீர்மானம் நிறைவேற்றி முட்டாள்களாக இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமானால் நெட்டூரணி செக்கடித் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவர் சடகோபன், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். செயலாளர் எத்திராஜ், சைக்கிள் கடை. பொருளாளர் பாக்கியநாதன், பெயின்ட் கடை. நாலாவது ஆள் மாசிலாமணி, டெய்லர். மற்ற மூன்று பேரும் என்ன சொன்னாலும் "அதான் சரி" என்று சொல்வது மாசிலாமணியின் பொறுப்பு. அதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒருநாள் கல்யாண மண்டபத்தில் போலீஸ் விழிப்புணர்வுக் கூட்டம். இன்ஸ்பெக்டர் அம்மா மைக்கைப் பிடித்து, பச்சைக் குழந்தைக்குச் சொல்வது போல மூன்றே மூன்று விஷயம் சொன்னார்.

"ஆதார்ல முதல் எட்டு எண்ணை மறைச்சிடுங்க, கடைசி நாலு தெரிஞ்சா போதும். எண்ணை யார்கிட்டயும் சொல்லாதீங்க. யாராவது வந்து கேட்டா, அவங்க யாருன்னு உறுதி பண்ணாம கொடுக்காதீங்க. உங்க பேர்ல எவனாவது சிம் வாங்குவான், கடன் வாங்குவான், கம்பி எண்ணப் போறது நீங்க."

ஊரே கேட்டது. கேட்டுவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது. செக்கடித் தெரு மட்டும் அவசரக் கூட்டம் போட்டது.

"மறைக்கணும்னு சொன்னாங்களே, எதை வச்சு மறைக்கிறது?" என்றார் சடகோபன்.

"என் கடையில கறுப்பு எனாமல் இருக்கு தலைவரே. ரெண்டு கோட்டிங் அடிச்சா மழை வெயிலுக்குத் தாங்கும்," என்றார் பாக்கியநாதன்.

"ஆதார் எங்கய்யா மழையில நனையப் போகுது?"

"இரும்புக் கேட்டுக்குத் தாங்குற பெயின்ட் கார்டுக்குத் தாங்காதா?"

"அதான் சரி," என்றார் மாசிலாமணி.

எத்திராஜுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அடிச்சிட்டா நமக்கே நம்ம நம்பர் மறந்து போகுமே?"

அந்தச் சந்தேகத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்தார்கள். நிறுத்தினால் அவர்கள் செக்கடித் தெருக்காரர்களா?

"எழுதி வச்சுக்கலாம்," என்றார் சடகோபன். "ஆனா அவனவன் நம்பரை அவனவன் வச்சுக்கக் கூடாது. திருடன் நம்பரை விட்டுட்டு ஆளையே தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவ? ஆளும் போச்சு, நம்பரும் போச்சு."

இந்த யோசனையின் ஆழத்தைக் கண்டு மற்ற மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு தீர்மானம் எழுதினார்கள். ஒவ்வொருவருடைய முதல் நாலு எண் எத்திராஜிடம். நடு நாலு சடகோபனிடம். கடைசி நாலு கார்டிலேயே இருக்கும். இருவரும் மனப்பாடம் செய்தபின் சீட்டை அழித்துவிட வேண்டும். எத்திராஜ் தன்னிடம் வந்த சீட்டுகளை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினார். சடகோபன் தீ வைத்துக் கொளுத்தினார். அதே நெருப்பில் எல்லார் வீட்டு ஜெராக்ஸ் காப்பிகளும் போயின.

மாசிலாமணி தன் கார்டோடு நிற்கவில்லை. கடமையுணர்ச்சி மேலிட்டு, பீரோவிலிருந்த மகள் கௌசல்யாவின் கார்டையும் எடுத்து வந்து, அவள் எண்ணையும் அந்த இருவரிடமே பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு கோட்டிங் அடித்துக் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாதே!

கௌசல்யா கெட்டிக்காரப் பெண். இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டு நர்சிங் காலேஜில் இடம் வாங்கியிருந்தாள். புதன்கிழமை கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஆதாரோடு நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

பீரோவைத் திறந்தாள்.

"அப்பா, என்ன இது? என் கார்டுல தார் ரோடு போட்டிருக்கு?"

"பாதுகாப்பும்மா."

"நம்பர் எங்க?"

"அது பத்திரமா இருக்கு. எங்க இருக்குன்னு மட்டும் கேக்காத."

அம்மா விசாலம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். கரண்டியைப் பார்த்ததும் மாசிலாமணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை கௌசல்யா எத்திராஜ் கடைக்குப் போனாள். அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, என் முதல் நாலு நம்பரைச் சொல்லுங்க."

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரு?"

"மாமா! நான் கௌசல்யா. உங்க பொண்ணுகூட ஒரே பெஞ்சுல பன்னண்டு வருஷம் படிச்சவ. நேத்துக்கூட உங்க வீட்டுல தோசைமாவு வாங்கிட்டுப் போனேன்."

"தோசைமாவு யார் வேணும்னாலும் வாங்கலாம். ஆதாரம் இருக்கா?"

கார்டை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ இருக்கு. பேரு இருக்கு. நம்பரைக் காணோமே? நம்பர் இல்லாத கார்டை எப்படி நம்புறது? நம்பரைச் சொல்லு, நீ கௌசல்யான்னு ஒத்துக்கறேன்."

"அந்த நம்பரைக் கேக்கத்தானே வந்திருக்கேன்!"

"பாத்தியா, உனக்கே தெரியல," என்று எத்திராஜ் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

அடுத்து சடகோபன் வீடு. மாசிலாமணியும் கூடப் போனார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா," என்றார் சடகோபன். "பதினோரு பேரோட நம்பர் என்கிட்ட இருக்கு. எல்லாம் அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. எது யாரோடதுன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கல."

"ஏன் சார்?"

"அது தெரிஞ்சாத்தானம்மா ஆபத்து?"

"அதான் சரி," என்றார் மாசிலாமணி. மகள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த "அதான் சரி" தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கௌசல்யா, "போகட்டும். பிரவுசிங் கடையில கம்ப்யூட்டர்ல எடுத்துக்கறேன். என் ஆதார்ல உங்க போன் நம்பர்தானே இருக்கு, அதுக்கு ஓடிபி வரும், அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கப்பா," என்று கிளம்பினாள். கடைக்காரர் அவள் பேரையும் அப்பாவின் போன் நம்பரையும் போட்டுத் தட்டினார். ஓடிபி வந்தது. அவள் போன் செய்தாள்.

"வந்துச்சாப்பா?"

"வந்துச்சும்மா. ஆறு நம்பர்."

"சொல்லுங்க."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அதுலயே எழுதியிருக்கேம்மா."

"அப்பா, அது எனக்காக வந்தது!"

"உனக்கு வரணும்னா உன் போனுக்குல்ல வந்திருக்கும்? எவளோ உன் குரல்ல பேசறா. போனை வைம்மா, யாரா இருந்தாலும் நல்லா இருங்க." வைத்துவிட்டார். ஓடிபியையும் அழித்துவிட்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு விசாலம் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறாள். அவளுக்கு அரசாங்கம் ஏன் இன்னும் ஒரு விருது கொடுக்கவில்லை என்று தெரியவில்லை.

கௌசல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். விசாலம் ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"மாசாமாசம் ரேஷன் கடையில நான் விரலை வச்சுத்தானடி அரிசி வாங்கறேன்? இவங்ககிட்ட என்னத்துக்குக் கெஞ்சிட்டு நிக்கற? காலையில முதல் ஆளா சேவை மையத்துக்குப் போய் உன் விரலை வை."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு விரலை வைத்தாள். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு எண்ணும் பளிச்சென்று அச்சாகி வந்தது. பதினொன்றரை பஸ். மூன்றேகாலுக்குக் காலேஜில் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை வகுப்பு.

நல்ல சேதிதானே? தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருக்க வேண்டும். செக்கடித் தெருவில் சனிக்கிழமை காலையிலேயே அவசரக் கூட்டம்.

"நாலு நம்பர் என் வயித்துல இருக்கு," என்றார் எத்திராஜ், வயிற்றைத் தொட்டுக் காட்டி. "நான் வாயைத் திறக்கல."

"நானும் சொல்லல," என்றார் சடகோபன்.

"என் பெயின்ட் ஒரு செதில்கூட உதிரல," என்றார் பாக்கியநாதன். "சுரண்டிப் பாத்துட்டேன்."

"அப்ப நம்பர் எப்படி வெளிய போச்சு?"

நால்வர் முகத்திலும் ஒரே நேரத்தில் இருள் படர்ந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னது நடந்தேவிட்டது. அடையாளத் திருட்டு!

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை எடுத்தார்.

"எதைத் திருடிட்டாங்க?"

"ஆதார் நம்பர் மேடம். பன்னண்டும் போச்சு."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல மேடம். கௌசல்யான்னு ஒரு பொண்ணு. சேவை மையத்துல பட்டப்பகல்ல விரலை வச்சு எடுத்திருக்கா. சாட்சி இருக்கு."

"சரி. பறிகொடுத்தது யாரு?"

"கௌசல்யா."

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை மூடினார். "ரெண்டும் ஒரே ஆளா?"

நால்வரும் மூலைக்குப் போய்த் தலையோடு தலை சேர்த்து ஐந்து நிமிஷம் விவாதித்தார்கள். சடகோபன் திரும்பி வந்து தொண்டையைச் செருமினார்.

"அதை நாங்க சொல்லக் கூடாது மேடம். ரெண்டு பேரையும் எதிரெதிரா நிக்க வச்சு நீங்கதான் விசாரிச்சுக் கண்டுபிடிக்கணும்."

மாசிலாமணி மட்டும் கலங்கிய கண்ணோடு கைகூப்பி நின்றார்.

"திருடினவளை உள்ள தள்ளுங்க மேடம், பெத்தவன்னு நான் குறுக்க வரமாட்டேன். ஆனா பறிகொடுத்தவளுக்குத் திங்கட்கிழமை காலேஜ் திறக்குது. அந்தப் புள்ளைய மட்டும் சீக்கிரமா வீட்டுக்கு அனுப்பிடுங்க."