கண்ணாடியில் ஒட்டிய முகம்

"அம்மா, எம் மக முகம் அழிஞ்சுட்டே வருது. எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க."

மாசிலாமணி பிரேம் போட்ட படத்தை மேசைமேல் வைத்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அறுபத்திநாலு வயசு. அம்பாசமுத்திரத்தில் எவன் பேச்சையும் கேட்காத மனுஷன். படங்களுக்கு பிரேம் போடுகிற சண்முகவடிவை மட்டும் குருவாக ஏற்றுக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கடை ஸ்டூலில் வந்து உட்காருவார். அவளுக்கு நாற்பதுதான். அறிவுக்கு வயசு ஏது?

மகளைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

வடிவு படத்தைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியில் சந்தனப் பொட்டு. உள்ளே ஒரு கன்னம் வெளிறிப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"மாலை போடுவீங்களோ?"

"தினமும். தண்ணி தெளிச்ச மல்லிகை. மூணு வருஷமா ஒரு நாள் தப்புனதில்ல."

"அந்த ஈரந்தான் உள்ள இறங்கியிருக்கு. மாலையை நிறுத்துங்க."

"அதெப்படிம்மா? செத்தவளுக்கு மாலை போடாம இருக்க முடியுமா?"

"என்னைக்குத் திதி?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன நோவுல போனா?"

"நோவு ஒண்ணுமில்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு பயலைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கே தலை முழுகிட்டேன். படத்தைக் கொண்டுபோய் எங்க அப்பா, அம்மா படத்துப் பக்கத்துல மாட்டிட்டேன்."

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை போட நம்ம ஆட்களைத் தவிர வேறு யாருக்குத் துணிச்சல் வரும்! அதையும் ஒரு நாள் தவறாமல்!

வடிவு ஏசவில்லை. பிரேமைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினாள். பின் அட்டையை எடுத்தாள். படத்தின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்கு. உரிச்சா முகம் பிஞ்சு வந்துரும். வேற படம் கொடுங்க, புதுசா பிரேம் போட்டுத் தாரேன்."

"வேற இல்ல. எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன்."

"செல்போன்ல?"

"அழிச்சுட்டேன்."

"இது ஒண்ணை மட்டும் எதுக்கு வச்சீங்க?"

"மாலை போட ஒண்ணு வேணுமே."

சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டுக்கொண்டவர்போல நின்றார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் போச்சுன்னா எம் பிள்ளை முகம் எனக்கு மறந்துபோகும்மா. இப்பவே கண்ணை மூடினா சரியாத் தெரிய மாட்டேங்குது. பயமா இருக்கு. ஒரு வழி சொல்லுங்க."

வடிவு ஈரத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். பொட்டு போய்விட்டது. முகம் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"இதுக்கு வழியில்ல. புதுசா ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

"புதுசா எப்படி எடுக்க?"

"எல்லாரையும் எடுக்கிற மாதிரித்தான். நேர்ல நிக்க வச்சு."

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"ஆள் இருக்காளாய்யா?"

கேட்ட சொந்தபந்தத்துக்கெல்லாம் மூன்று வருஷமாகச் சொன்ன பதில் அவரிடம் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தார். அது வரவில்லை. தலைமையாசிரியர், நடுக்கடையில், நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டு அழுதார்.

"இருக்காம்மா," என்றார். "தென்காசியில இருக்கா."